சிறிய அடுக்குமாடி வீட்டில் சேர்ந்துவிட்ட சாமான்களை நன்கொடையாகக் கொடுத்து இடத்தை மீட்பது எப்படி?

நகரத்து அடுக்குமாடிக் குடியிருப்பில், ஏறத்தாழ 400 சதுர அடி வீட்டில் வசிப்பதாகவும், பத்து ஆண்டுகளில் சேர்ந்த சாமான்களைக் குப்பையில் எறிய மனம் வராமல் தேவைப்படுவோருக்குக் கொடுக்க விரும்புவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். இரண்டு முறை முயன்றும், பிரித்துக் கட்டிய மூட்டைகள் வாசற்கதவின் ஓரத்திலேயே மாதக்கணக்கில் கிடந்து, கடைசியில் பரணுக்கே திரும்பிவிட்டன; எங்கே தவறு, எதிலிருந்து தொடங்குவது என்பது உங்கள் கேள்வி. நன்கொடையாக வரும் வீட்டுப் பொருள்களைப் பிரித்தடுக்கும் மேசையில் சில ஆண்டுகள் தன்னார்வலனாக நின்றவன் என்பதால், மூட்டை போய்ச் சேரும் இடத்திலிருந்து பார்த்து இதற்குப் பதில் சொல்கிறேன்.

நீங்கள் வேலையைத் தவறான முனையிலிருந்து தொடங்கியிருக்கிறீர்கள். பெரும்பாலோர் அப்படித்தான் செய்கிறார்கள்: ஒரு விடுமுறை நாளில் அலமாரியைத் திறந்து எல்லாவற்றையும் தரையில் கொட்டி, வேண்டும் வேண்டாம் என்று பிரித்து, மூட்டை கட்டி முடித்த பிறகு, இவற்றை யாரிடம் கொடுப்பது என்று யோசிக்கிறார்கள். இடவசதி உள்ள வீட்டில் இந்த வரிசை ஒத்துவரும், ஏனெனில் மூட்டைகள் காத்திருக்க ஓர் உதிரி அறையோ கொட்டகையோ அங்கே இருக்கும். உங்கள் வீட்டில் அந்த இடம் இல்லை. கட்டிய மூட்டை நடைபாதையை அடைக்கிறது, மூன்றாம் நாள் யாரோ அதிலிருந்து ஒரு பாத்திரத்தை உருவி எடுக்கிறார்கள், பத்தாம் நாள் விருந்தினர் வருகிறார்கள் என்று மூட்டை பரணேறிவிடுகிறது. ஆகையால் வரிசையைத் திருப்பிப் போடுங்கள். முதலில் வாங்கிக்கொள்பவரைக் கண்டுபிடியுங்கள்; அவர் வந்து எடுத்துச்செல்லும் நாளையோ நீங்கள் கொண்டுபோய்க் கொடுக்கும் நாளையோ உறுதி செய்யுங்கள்; அந்த நாளுக்கு இரண்டு நாள் முன்பு மட்டும் அலமாரியைத் திறங்கள். ஒரு முறைக்கு ஒரு வகைப் பொருள், ஒரே சேருமிடம் என்று வைத்துக்கொண்டால், வீடு ஒருபோதும் கிடங்காக மாறாது.

வாங்கிக்கொள்பவர்கள் எல்லோரும் ஒரே மாதிரி இயங்குவதில்லை என்பதை அறிந்துகொள்வது இங்கே முக்கியம். நன்கொடைப் பொருள்களை விற்றுப் பணமாக்கி அந்தப் பணத்தை அறப்பணிக்குச் செலவிடும் கடைகள் ஒரு வகை. எட்கர் ஹெல்ம்ஸ் என்ற பாதிரியார் 1902-இல் பாஸ்டன் நகரில் தொடங்கிய குட்வில் அமைப்பும், 1940-களின் இறுதியில் ஆக்ஸ்போர்டின் பிராட் தெருவில் கடை திறந்த ஆக்ஸ்பாம் அமைப்பும் இந்த முறைக்குப் பழைய எடுத்துக்காட்டுகள். ஹெல்ம்ஸ் செய்தது கவனிக்கத்தக்கது: வசதியான வீடுகளிலிருந்து பழைய பொருள்களைத் திரட்டி, வேலையில்லாத ஏழைகளைக் கொண்டு பழுதுபார்க்கச் செய்து, அவர்களுக்குக் கூலியும் பயிற்சியும் கிடைக்கும்படி அவற்றை விற்றார். இத்தகைய கடைக்கு நீங்கள் கொடுக்கும் பொருள் விலைபோகக்கூடியதாக இருந்தால்தான் பயன். விலைபோகாததை அப்புறப்படுத்தும் செலவும் அவர்கள் தலையில்தான் விழும். இன்னொரு வகை, பொருளை நேரடியாகப் பயன்படுத்தும் இல்லங்களும் காப்பகங்களும் பள்ளிகளும். இவற்றின் தேவை குறுகலானது, ஆனால் உறுதியானது. ஒரு முதியோர் இல்லத்துக்குக் கெட்டியான போர்வை வேண்டும், உங்கள் அழகுப் பொம்மைகள் வேண்டாம். விலங்குக் காப்பகங்கள் சாயம் போன துண்டுகளையும் பழைய படுக்கை விரிப்புகளையும் பெரும்பாலும் விரும்பி வாங்கிக்கொள்ளும். வேறெங்கும் கொடுக்க முடியாத துணிக்கு அது நல்ல இடம்.

மூன்றாவது வகை, அக்கம்பக்கத்தார் ஒருவருக்கொருவர் விலையின்றிக் கொடுத்துக்கொள்ளும் குழுக்கள். அமெரிக்காவின் டூசான் நகரில் 2003-இல் தொடங்கிய ஃப்ரீசைக்கிள், வாஷிங்டன் மாநிலத்தின் பெயின்பிரிட்ஜ் தீவில் 2013-இல் தொடங்கிய பை நத்திங் ஆகியவை இதற்கு வடிவம் கொடுத்தவை. இன்று பல குடியிருப்புகளில் வாட்ஸ்அப் குழு ஒன்றே இந்த வேலையைச் செய்துவிடுகிறது. சிறிய வீட்டுக்காரருக்கு நான் முதலில் பரிந்துரைப்பது இதைத்தான். அதே கட்டடத்தில் இருப்பவர் என்றால் வண்டி வேண்டாம், மூட்டை கட்டவும் வேண்டாம், இன்று மாலையே பொருள் போய்விடும். பெரிய மேசை, கட்டில், புத்தக அடுக்கு போன்றவற்றைத் தூக்கிச்செல்லும் செலவே அவற்றின் மதிப்பைத் தாண்டிவிடுவதால், இரண்டு மாடி மேலே இருக்கும் ஒருவர் எடுத்துக்கொள்வதைவிடச் சிறந்த வழி அவற்றுக்கு இல்லை. இந்தக் குழுக்களில் ஒரே தொல்லை, வருகிறேன் என்று சொல்லிவிட்டு வராதவர்கள். “நாளை மாலை 7 மணிக்குள் எடுக்காவிட்டால் அடுத்தவருக்குக் கொடுத்துவிடுவேன்” என்று அறிவிப்பிலேயே எழுதிவிடுவது பண்புக் குறைவு ஆகாது.

நிறுவனம் எதுவானாலும், கொண்டுபோகும் முன் தொலைபேசியில் பேசுங்கள். என்னென்ன வாங்கிக்கொள்வீர்கள் என்று கேட்பதோடு நிறுத்தாமல், இப்போது எது அளவுக்கு மேல் குவிந்திருக்கிறது, எது கிடைக்காமல் இருக்கிறது என்றும் கேளுங்கள். இந்த இரண்டாவது கேள்வியைக் கேட்பவர்கள் மிகக் குறைவு. நான் நின்ற மேசைக்குத் துணிமூட்டைகள் இடைவிடாமல் வந்தன. கைப்பிடி உறுதியான வாணலியும், மூடியோடு பொருந்திய டப்பாவும் வந்தால் அன்றே யாராவது எடுத்துச்சென்றார்கள்.

“தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே” என்ற பழமொழி வாங்குபவருக்குச் சொல்லப்பட்டது. நடைமுறையில் அதன் பின்னால் ஒளிந்துகொள்பவர்கள் கொடுப்பவர்கள்தான். பல்லைக் கொடுப்பவரே பார்த்துவிட வேண்டும். காது உடைந்த கோப்பை, பற்கள் தேய்ந்த ஜிப், ஒரு துண்டு குறையும் புதிர்விளையாட்டு, “சின்னதாக ஏதோ கோளாறு, பார்த்தால் சரியாகிவிடும்” என்ற குறிப்போடு வரும் மிக்ஸி ஆகியவற்றை நாங்கள் நாள்தோறும் பார்த்தோம். சரிபார்ப்பது அவ்வளவு எளிதென்றால் நீங்களே செய்திருப்பீர்கள் அல்லவா என்று கேட்கத் தோன்றும், கேட்டதில்லை. நான் வைத்துக்கொண்டிருக்கும் அளவுகோல் இது: இந்தப் பொருளை, உங்களுக்குத் தெரிந்த ஒருவரின் கையில், அவர் முகத்தைப் பார்த்தபடி, எந்தச் சமாதானமும் சொல்லாமல் கொடுக்க முடியுமா? சமாதானம் சொல்ல வேண்டியிருந்தால் அது நன்கொடைக்குரியது இல்லை. அதன் இடம் மறுசுழற்சி அல்லது குப்பை. அங்கே போடுவதில் வரும் குற்ற உணர்வை இன்னொருவர் தலையில் ஏற்றி அனுப்புவதற்கு நன்கொடை என்று பெயர் வைக்கக் கூடாது.

இது சிறிய விஷயமாகத் தோன்றலாம், ஆனால் பெருகும்போது என்ன ஆகும் என்பதை உலகம் பார்த்திருக்கிறது. 2004-ஆம் ஆண்டுச் சுனாமிக்குப் பிறகு இந்தோனேசியாவுக்கு அனுப்பப்பட்ட பழைய துணிகள் கடற்கரையில் குவிந்து, பிரிக்க ஆளின்றி மழையில் ஊறிக் கெட்டு, முடிவில் எரிக்கப்பட்டன. கேட்காமல் வந்து குவியும் இத்தகைய பொருள்களைப் பேரிடர்ப் பணியாளர்கள் “இரண்டாவது பேரிடர்” என்றே அழைக்கிறார்கள். பேரிடர்க் காலத்தில் பணம் அனுப்புங்கள், சாமான்களை அமைதியான காலத்தில் அருகிலேயே கொடுங்கள் என்று நான் சொல்வது இதனால்தான். அமைதியான காலத்திலும், விற்காமல் எஞ்சும் துணிகளில் பெரும்பகுதி பொதிகளாகக் கட்டப்பட்டுக் கடல் கடந்து போகிறது; கானாவின் தலைநகர் அக்ராவில் உள்ள கான்டமாண்டோ சந்தை அப்படிப்பட்ட பொதிகள் பிரியும் பெரிய இடங்களுள் ஒன்று. அங்கே திறமையான தையற்காரர்கள் பழையதைப் புதிதாக்கி வாழ்கிறார்கள் என்பது உண்மை, ஒன்றுக்கும் உதவாத துணி அந்நகரத்தின் சாக்கடைகளிலும் கடற்கரையிலும் சேர்கிறது என்பதும் உண்மை. நீங்கள் கட்டும் மூட்டையில் உள்ள கிழிந்த சட்டை எந்தப் பக்கம் போகும் என்பதை ஊகிப்பது கடினம் இல்லை.

நல்ல நிலையில் இருந்தாலும் கொடுக்கக் கூடாத பொருள்கள் சில உண்டு. தலைக்கவசம் ஒரு முறை பலமான அடியைத் தாங்கினால் அதன் உள்நுரை நசுங்கி வேலை முடிந்துவிடுகிறது, வெளியே கீறல்கூடத் தெரியாமல் இருக்கலாம். ஆகவே விழுந்த வரலாறு தெரியாத தலைக்கவசத்தை யாருக்கும் கொடுக்க வேண்டாம். குழந்தைகளுக்கான கார் இருக்கைக்கும் இதே விதி, அதற்கு உற்பத்தியாளர் குறிக்கும் காலாவதி நாளும் உண்டு. பக்கச்சட்டம் கீழிறங்கும் வகைக் குழந்தைக் கட்டில்களில் குழந்தைகள் சிக்கி இறந்ததால் அமெரிக்கா 2011-இல் அவற்றின் விற்பனையையும் மறுவிற்பனையையும் தடை செய்தது. குழந்தையை உள்ளே உட்காரவைக்கும் சக்கர நடைவண்டிகளைக் கனடா 2004-இலேயே தடை செய்துவிட்டது. உங்கள் குழந்தை அவற்றில் பத்திரமாக வளர்ந்தது என்பது அடுத்த குழந்தைக்கு உத்தரவாதம் ஆகாது. மிஞ்சிய மருந்துகளைப் பொறுத்தவரை, நோயாளியிடம் ஒரு முறை கொடுத்துத் திரும்பி வந்த மருந்தை நன்கொடையாக்கக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதல் தெளிவாகச் சொல்கிறது, ஏனெனில் அது எந்த வெப்பத்தில் எப்படி வைக்கப்பட்டிருந்தது என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது. பாதரச வெப்பமானி, பழைய குழல்விளக்கு, உப்பிய மின்கலம் ஆகியவை அபாயக் கழிவுகள். அவற்றைத் துணிப்பைக்குள் சொருகி அனுப்புவது தூக்கிச்செல்பவருக்குச் செய்யும் தீங்கு.

மெத்தையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அடுக்குமாடியில் மூட்டைப்பூச்சி ஒரு வீட்டோடு நிற்பதில்லை. இரத்தம் கிடைக்காமலே பல மாதங்கள் உயிரோடு இருக்கும் பூச்சி அது. சுவர் இடுக்கு வழியாகவும் கைமாறும் சாமான் வழியாகவும் பரவும். சந்தேகம் சிறிது இருந்தாலும் மெத்தையையும் பஞ்சு வைத்த நாற்காலியையும் கொடுக்காதீர்கள். துணிகளாயின், உலர்த்தி இயந்திரத்தில் அதிக வெப்பத்தில் அரை மணி நேரம் ஓட்டினால் பூச்சியும் முட்டையும் இறந்துவிடும். வெப்பத்தைத் தாங்காத புத்தகம் போன்றவற்றைப் பையில் கட்டி மைனஸ் 18 டிகிரி செல்சியஸ் உறைநிலைப் பெட்டியில் நான்கு நாள்கள் வைக்கலாம்.

இனி, வீட்டுக்குள் எதிலிருந்து தொடங்குவது என்பதற்கு வருகிறேன். நினைவுகள் ஒட்டியிருக்கும் பொருள்களிலிருந்து தொடங்காதீர்கள்; பழைய புகைப்படப் பெட்டியைத் திறந்தால் அந்த நாள் அதோடு முடிந்துவிடும். ஒன்றுக்கு மேற்பட்டு இருப்பவற்றிலிருந்து தொடங்குங்கள்: நான்கு கத்தரிக்கோல், மூன்று தோசைக்கரண்டி, ஆறு செட் படுக்கை விரிப்பு. இதில் எது சிறந்தது என்ற கேள்விக்கு மட்டும் விடை சொன்னால் போதும் என்பதால் மனம் முரண்டுபிடிக்காது. அடுத்து, இடத்தை அதிகம் விழுங்கும் பெரிய சாமான்கள். 4 அடி அகலமும் 2 அடி ஆழமும் உள்ள ஓர் அலமாரி 8 சதுர அடியை எடுத்துக்கொள்கிறது; கதவைத் திறந்து முன்னால் நிற்க இன்னோர் 8 சதுர அடி வேண்டும். 400 சதுர அடி வீட்டில் இது 4 சதவீதம். நீங்கள் வாடகைக்கு இருந்தால், ஓராண்டில் ஏறக்குறைய அரை மாத வாடகையை அந்த ஓர் அலமாரிக்காகக் கட்டுகிறீர்கள் என்று பொருள். அதற்குள் இருப்பவற்றின் மதிப்பை இந்தக் கணக்கோடு ஒப்பிட்டுப் பார்த்தால் பல தயக்கங்கள் தாமாகவே கரையும்.

கரையாத தயக்கங்களும் உண்டு, அவற்றுக்குக் காரணம் இருக்கிறது. டேனியல் கானமன், ஜாக் கினெட்ச், ரிச்சர்ட் தேலர் ஆகிய மூவரும் 1990-இல் வெளியிட்ட ஆய்வில், மாணவர்களில் பாதிப் பேருக்குக் காபிக் கோப்பை ஒன்றைக் கொடுத்து, அதை என்ன விலைக்கு விற்பீர்கள் என்று கேட்டார்கள். கோப்பை கிடைக்காதவர்களிடம் என்ன விலைக்கு வாங்குவீர்கள் என்று கேட்டார்கள். கையில் வைத்திருந்தவர்கள் சொன்ன விலை, வாங்க வந்தவர்கள் சொன்னதைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல். சில நிமிடங்கள் சொந்தமாக இருந்த கோப்பைக்கே இந்த மவுசு என்றால், பத்து ஆண்டுகள் உங்களோடு இருந்த பொருளைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. எனவே “இதைக் கொடுத்துவிடலாமா” என்று கேட்காதீர்கள்; “இது இன்று என்னிடம் இல்லாமல் இருந்தால், காசு கொடுத்து வாங்கி இந்த வீட்டுக்குள் கொண்டுவருவேனா” என்று கேளுங்கள். இரண்டும் ஒரே கேள்வி போலத் தோன்றினாலும் விடைகள் வேறாக வரும்.

நினைவுப் பொருள்களுக்கு வேறு உத்தி தேவை. அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழக மாணவர் விடுதிகளில் நடந்த நன்கொடைத் திரட்டு ஒன்றில், சில விடுதிகளில் வழக்கமான அறிவிப்பும், சில விடுதிகளில் “படம் எடுத்து வைத்துக்கொண்டு பொருளைக் கொடுங்கள்” என்ற அறிவிப்பும் ஒட்டப்பட்டன; 2017-இல் வெளியான அந்த ஆய்வின்படி, படம் எடுக்கச் சொன்ன விடுதிகளில் ஏறத்தாழ 15 சதவீதம் கூடுதலாகப் பொருள்கள் வந்தன. இழக்க அஞ்சுவது நினைவைத்தான், பொருளை அன்று என்பதே அதன் கருத்து. என் அனுபவத்தில் படத்தோடு இரண்டு வரி எழுதி வைப்பது, யார் கொடுத்தது, எப்போது பயன்படுத்தியது என்று குறிப்பது, இன்னும் நன்றாக வேலை செய்கிறது. பாட்டி வைத்திருந்த பாத்திரங்கள் பன்னிரண்டு என்றால் ஒன்றை வைத்துக்கொண்டு அன்றாடம் புழங்குங்கள். பன்னிரண்டையும் பரணில் கட்டிவைப்பதைவிட அது அவருக்குச் செய்யும் மரியாதை.

ஒன்றை மட்டும் செய்யாதீர்கள்: வீட்டில் உள்ள மற்றவரின் பொருளை அவருக்குத் தெரியாமல் கொடுக்காதீர்கள், குழந்தையின் பொம்மையானாலும் சரி. ஒரு முறை அப்படி நடந்துவிட்டால், அதன் பிறகு வீட்டில் எல்லோரும் தங்கள் பொருளைக் காவல் காக்கத் தொடங்கிவிடுவார்கள், உங்கள் முயற்சி அதோடு நின்றுவிடும். எதையும் விட முடியாமல், நடக்கவும் படுக்கவும் இடமில்லாத அளவுக்குச் சேர்த்துவைப்பவர் வீட்டில் இருந்தால், அது 2013 முதல் அமெரிக்க உளவியல் மருத்துவச் சங்கத்தின் கையேட்டில் தனி நோயாக இடம்பெற்றுள்ள நிலை. வலுக்கட்டாயமாகக் காலி செய்வது அவரை மேலும் வதைக்கும், மருத்துவ உதவிதான் வழி.

நாள் குறித்தாயிற்று, பொருளும் முடிவாயிற்று என்றால் ஆயத்த வேலை மிச்சம். துவைத்து, துடைத்து, உலர்த்திக் கொடுங்கள். ஜோடிச் செருப்புகளை ஒன்றாகக் கட்டுங்கள். மின்கருவியோடு அதன் வயரையும் ரிமோட்டையும் டேப் போட்டு ஒட்டுங்கள். கழற்றிய கட்டிலின் திருகாணிகளை ஒரு சிறு பையிலிட்டுச் சட்டத்திலேயே கட்டிவிடுங்கள், திருகாணி தொலைந்த கட்டில் விறகுக்குச் சமம். சட்டைப்பைகளையும் புத்தகப் பக்கங்களையும் பாருங்கள். மூட்டைகளிலிருந்து நான் எடுத்துத் திருப்பிக் கொடுத்தவற்றில் சான்றிதழும் பணமும் ஒரு சாவிக்கொத்தும் உண்டு. கைப்பேசியானால் முதலில் உங்கள் கணக்குகளிலிருந்து வெளியேறி, பிறகு வாங்கியபோது இருந்த நிலைக்கு மீட்டமைத்து (ஃபேக்டரி ரீசெட்), சிம் அட்டையையும் நினைவட்டையையும் எடுத்துவிடுங்கள். கணக்கிலிருந்து வெளியேறாமல் மீட்டமைத்த கைப்பேசியை அடுத்தவர் திறக்கவே முடியாமல் போகலாம். பழைய கணினியின் வன்தட்டில் கோப்புகளை அழிப்பது மட்டும் போதாது, முழுத் தட்டையும் மேலெழுதி அழிக்கும் மென்பொருளை ஓட்ட வேண்டும், அல்லது தட்டைக் கழற்றிவிட்டுக் கொடுக்க வேண்டும். குளிர்சாதனப் பெட்டியை முந்தின நாளே அணைத்து, பனி உருகி உலர்ந்த பிறகு, நிமிர்த்திய நிலையிலேயே கொண்டுபோகச் சொல்லுங்கள். வெளியிலிருந்து கொக்கி போட்டு மூடும் மிகப் பழைய பெட்டி என்றால் கதவைக் கழற்றிவிடுங்கள். அதற்குள் ஒளிந்து விளையாடிய குழந்தைகள் மூச்சுத் திணறி இறந்ததால்தான், உள்ளிருந்து திறக்கும் கதவைக் கட்டாயமாக்கும் சட்டத்தை அமெரிக்கா 1956-இல் கொண்டுவந்தது.

அடுக்குமாடிக்கே உரிய சில வேலைகளும் உண்டு. பெரிய சாமானை எடுக்க வருபவருக்கு அதன் அளவோடு மின்தூக்கியின் கதவகலத்தையும், நீங்கள் எத்தனையாவது மாடி என்பதையும் முன்கூட்டியே சொல்லுங்கள். இரண்டு பேர் வர வேண்டிய இடத்துக்கு ஒருவர் வந்து வெறுங்கையோடு திரும்புவது அடிக்கடி நடக்கிறது. மூட்டைகளைப் பொது நடையிலோ மாடிப்படியிலோ வைத்துக் காத்திருக்காதீர்கள். தீ பிடித்தால் எல்லோரும் ஓட வேண்டிய வழி அது. மழை நாளில் வாசலுக்கு வெளியே வைத்த அட்டைப்பெட்டி யாருக்கும் பயன்படாது. நிறுவனத்தின் வாசலில், அது பூட்டியிருக்கும் நேரத்தில் இறக்கிவிட்டு வருவதும் குப்பை கொட்டுவதும் ஒன்றே.

வாங்குபவர் ஏதாவது ஒன்றை வேண்டாம் என்று திருப்பிக் கொடுத்தால், வற்புறுத்தாமல் வாங்கிக்கொண்டு அடுத்த இடத்துக்குப் பேசுங்கள். இரண்டு இடங்களில் மறுத்தால் அது நன்கொடைக்குரிய பொருள் இல்லை என்று வைத்துக்கொள்ளலாம். மூன்றாவது இடத்தைத் தேடி மீண்டும் வாசலில் நிறுத்த வேண்டாம், மறுசுழற்சிக்கு அனுப்பிவிடுங்கள்.

கடைசியாக, காலியான அலமாரியை அப்படியே விட்டுவைக்காதீர்கள். இடம் மிச்சமாயிற்று என்று மகிழ்ந்து அதை நிறுத்திவைத்த வீடுகளில், ஓராண்டுக்குள் அது நிரம்பியதையே கண்டிருக்கிறேன். உள்ளிருந்தவை போன அதே வாரத்தில், அலமாரியின் உயர அகலங்களைக் குறித்து ஒரு படமும் எடுத்து, உங்கள் குடியிருப்புக் குழுவில் போடுங்கள்.